கடல் கொண்ட தெருவும் ஒரு விஎச்எஸ் கேசட்டும்: நிகழ்வு ஆய்வு

பின்னணி

திருவொற்றியூர்க் கடலோரத்து மீனவக் குப்பம் ஒன்றைச் சேர்ந்த இளைஞர், தம் ஊரைக் கடல் அரித்த கதையை ஆவணப்படமாக எடுத்துக்கொண்டிருந்தார். இங்கே அவரை இயக்குநர் என்றே குறிப்பிடுகிறேன். படம் சொல்லும் விஷயம் வடசென்னையில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். நம் கரையோரமாக மணல் ஆண்டு முழுக்கக் கணக்குப் பார்த்தால் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. சென்னைத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் அதை மறித்தன. தெற்கே மெரினா அகன்றுகொண்டே போனது, வடக்கே ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கரை தேய்ந்தது. இன்று அங்கே போய் நின்றால் கொட்டி வைத்த பாறாங்கற்களும், கடலுக்குள் நீட்டிக் கட்டிய கல் தடுப்புகளும்தான் தெரியும். அந்தக் கல்லுக்கு அப்பால் ஒரு தெரு இருந்தது, தெருவுக்கு அப்பாலும் மணல் இருந்தது என்று பெரியவர்கள் சொல்வார்கள். அதைக் காட்டுவதற்குப் படம்தான் இல்லை. குப்பத்தில் பல வீடுகளின் புகைப்பட ஆல்பங்கள் 2004 டிசம்பர் 26 சுனாமித் தண்ணீரில் ஊறிப் போய்விட்டன.

மிஞ்சியது 1994 ஆடித் திருவிழாவை விஎச்எஸ் கேசட்டில் எடுத்த வீடியோ. கூழ் ஊற்றி, அம்மனைக் கடற்கரை வரை ஊர்வலமாகக் கொண்டுபோகும் காட்சி. கேமரா தற்செயலாகக் கரையைச் சுற்றித் திரும்பும் சில விநாடிகளில் அந்தத் தெரு, மணல், வரிசையாக ஏற்றி வைத்த கட்டுமரங்கள் எல்லாம் வந்துவிடுகின்றன. படத்தின் ஆணிவேர் அந்தச் சில விநாடிகள்தான்.

தண்டையார்பேட்டையில் உள்ள எங்கள் எடிட்டிங் அறைக்கு இந்த வேலை வந்தது. புதிதாக எடுத்த காட்சிகள் எல்லாம் 1920க்கு 1080, விநாடிக்கு 25 பிரேம். பழையதை அதற்குள் உட்கார வைக்க வேண்டும்.

கைக்கு வந்தவை

இயக்குநர் முதலில் கொண்டுவந்தது ஒரு பென் டிரைவ். குடும்பத்தில் இருந்த விசிடியை ஏதோ ஒரு ஏஐ கருவியில் போட்டு 4கே அளவுக்குப் பெரிதாக்கியிருந்தார். "இதை டைம்லைன்ல செட் பண்ணிக் குடுத்தா போதும்ணா" என்றார். படத்தின் முன்னோட்டத் துணுக்கு ஒன்றும் இதே கோப்பை வைத்து வெளியாகி, வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருந்தது.

கைப்பேசியில் பார்த்தபோது பளிச்சென்றுதான் இருந்தது. மானிட்டரில் போட்டு நிறுத்தி நிறுத்திப் பார்த்தபோது சங்கடமாகிவிட்டது. ஓலைக் கூரைகள் ஓடு வேய்ந்தது போல அடுக்கடுக்காகத் தெரிந்தன. கூட்டத்தில் பின்வரிசையில் நின்ற முகங்களுக்கெல்லாம் மெழுகு பூசியது போல ஒரே கண், ஒரே வாய். எல்லாவற்றையும் விட மோசம், படத்தின் வலது கீழ்மூலையில் கேமரா பதித்திருந்த தேதி. விசிடியில் கலங்கலாக இருந்த மாத எண் 8, இதில் கூர்மையான 6 ஆகியிருந்தது. ஜூன் மாதத்தில் ஏது ஆடித் திருவிழா? கடல் எப்போது எவ்வளவு உள்ளே வந்தது என்று வாதிடப் போகிற படத்தில், சாட்சியின் தேதியே தப்பு.

இயக்குநரின் ஆயாவும் இதைப் பார்த்திருக்கிறார். தேரின் பக்கத்தில் நிற்பவர் அவருடைய கணவர், இன்று உயிரோடு இல்லை. "அது உங்க தாத்தா இல்லடா. மூக்கே வேற மாதிரி இருக்குது" என்று சொல்லிப் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டாராம். இதை இயக்குநர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். பிறகு நாங்கள் எடுத்த முடிவுகளுக்கெல்லாம் அந்த ஒரு வாக்கியமே போதுமான காரணமாக இருந்தது.

மூல கேசட் இருக்கிறதா என்று கேட்டோம். இருக்கிறது, ஆனால் பூஞ்சை பூத்துவிட்டதால் எந்தக் கடையிலும் ஓட்ட மாட்டேன் என்கிறார்கள் என்றார். மறுமுறை வரும்போது துணிப்பையில் அதையும் ஒரு கல்யாண கேசட்டையும் எடுத்துவந்தார்.

முதல் முடிவு: விசிடியை ஒதுக்குவது

விசிடியை வைத்தே ஏதாவது செய்யுங்கள், செலவு குறையும் என்பது இயக்குநரின் யோசனை. மறுத்ததற்குக் காரணம் உண்டு.

நம் நாட்டில் ஓடியது பால் (PAL) என்ற தொலைக்காட்சிப் பட முறை. ஒரு பிரேமில் படத்துக்குப் பயன்படும் வரிகள் 576. அவை ஒரே நேரத்தில் எடுக்கப்பட்டவை அல்ல. ஒற்றைப்படை வரிகள் ஒரு கணத்திலும், இரட்டைப்படை வரிகள் விநாடியில் 50இல் ஒரு பங்கு தள்ளியும் பதிவாகின்றன. அதாவது விநாடிக்கு 50 பாதிப் படங்கள். இவற்றை ஃபீல்டு என்பார்கள். விசிடி தயாரிக்கும்போது ஒரு ஃபீல்டைத் தூக்கி எறிந்துவிடுவது வழக்கம். மிஞ்சுவது 352க்கு 288 அளவில், விநாடிக்கு 25 படம். அதையும் விநாடிக்கு 1,150 கிலோபிட்டுக்குள் அமுக்கி அடைக்க வேண்டும். கூட்டமும் அலையும் ஆடும் காட்சியில் அந்த அளவு எப்படிப் போதும்? கட்டம் கட்டமாக உடைகிறது. ஏஐ கருவி கூரையில் கண்ட ஓடுகள் உண்மையில் இந்தக் கட்டங்கள்தான் என்பது என் ஊகம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கிடைமட்ட நுணுக்கத்தில் விசிடி ஒன்றும் பெரிதாகத் தோற்பதில்லை. விஎச்எஸ் டேப்பே சுமார் 240 கோடுகள்தான் தரும், பிக்சல் கணக்கில் 320 பக்கம். நிறத்தின் நுணுக்கம் அதைவிடப் படுமோசம், சுமார் 40 கோடுகள். ஆகவே "டேப்பில் ஹெச்டி ஒளிந்திருக்கிறது" என்ற நம்பிக்கை வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டோம். டேப்பில் கூடுதலாக இருப்பது இரண்டு: செங்குத்தாக இரு மடங்கு வரிகள், நேரத்தில் இரு மடங்கு படங்கள். இரண்டுமே நிஜமாகக் கேமராவுக்குள் போனவை.

பூஞ்சையும் டெக்கும்

கேசட்டின் சின்னக் கண்ணாடி ஜன்னல் வழியாகப் பார்த்தாலே தெரிந்தது. சுருளின் விளிம்பில் வெள்ளை வெள்ளையாக நூல் படர்ந்திருந்தது. கடற்கரை வீடு, அட்டைப் பெட்டி, கட்டிலுக்கு அடியில் பல மழைக்காலம். வேறெப்படி இருக்கும்? டேப்பின் மேல் விளிம்பில்தான் சாதாரண ஒலித்தடம் ஓடுகிறது, கீழ் விளிம்பில் டிராக்கிங்கை, அதாவது ஹெட் சரியான தடத்தில் படிப்பதை, வழிநடத்தும் கன்ட்ரோல் தடம். பூஞ்சை விளிம்பைத் தின்றால் படம் பிழைத்தாலும் ஒலி கெடும், படம் துள்ளும்.

இப்படிப்பட்ட கேசட்டை நல்ல டெக்கில், அதாவது கேசட் ஓட்டும் கருவியில், போட்டால் அந்த டெக்கும் அதற்குப் பின் போடும் கேசட்டுகளும் பாழ். முதலில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடிய டப்பாவில் வைத்து ஈரத்தை இறக்கினோம். பிறகு மொட்டை மாடி நிழலில், முகக்கவசம் போட்டுக்கொண்டு, கூட்டின் ஐந்து ஸ்குரூவைக் கழற்றிச் சுருள்களை வேறு சுத்தமான கூட்டுக்கு மாற்றினோம். காயலான் கடையில் வாங்கிய பழைய டெக் ஒன்றை டேப் சுற்றுவதற்கென்றே வைத்திருக்கிறோம். அதில் பஞ்சு உதிராத துணியை டேப்போடு சேர்த்துப் பிடித்து, மெதுவாக இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் சுற்றினோம். துணியில் பொடி ஒட்டுவது நிற்கும் வரை இதைத் தொடர்ந்தோம். பூஞ்சைப் பொடியை மூக்கில் ஏற்றிக்கொள்வது நல்லதல்ல என்பதால் இந்த வேலையை ஏசி அறைக்குள் வைத்துக்கொள்வதில்லை.

ஓட்டுவதற்கு நல்ல டெக் வேண்டும். உலகத்தில் கடைசியாக விசிஆர் செய்துகொண்டிருந்த ஃபுனாய் நிறுவனமே 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது. பர்மா பஜாரில் ஒரு காலத்தில் கடைக்குக் கடை விசிஆர் அடுக்கியிருந்தார்கள். இப்போது ரிச்சி தெருவில் தேடினாலும் ரப்பர் பாகங்கள் இறுகிப்போன டெக்குகள்தான் கிடைக்கின்றன. பழைய வண்ணாரப்பேட்டையில் கல்யாண வீடியோ ஸ்டுடியோ நடத்தி மூடிவிட்ட பெரியவர் ஒருவர், உறை போட்டு வைத்திருந்த எஸ்-விஎச்எஸ் (விஎச்எஸ்ஸின் மேம்பட்ட வகை) எடிட்டிங் டெக்கைக் கொடுத்து உதவினார். டேப்பைப் படிக்கும் ஹெட் தேயாமல் இருந்தது.

பதிவு இறக்கியது

மேம்படுத்தும் வேலையில் பெரும்பங்கு இங்கேயே முடிந்துவிடுகிறது என்பது என் கருத்து. கேப்சரில், அதாவது டேப்பைக் கணினிக் கோப்பாக இறக்கும்போது, தொலைத்ததை மென்பொருள் மீட்டுத் தராது.

விஎச்எஸ் டேப்பில் ஒளியும் நிறமும் தனித்தனியாகப் பதிந்திருக்கின்றன. மஞ்சள் நிற ஒற்றைப் பின் வழியாக எடுத்தால் இரண்டும் கலந்து வரும், கணினியின் கேப்சர் கார்டு மறுபடி பிரிக்கும், நிற ஓரங்களில் புள்ளிகள் ஊரும். அதனால் இரண்டையும் தனித்தனியே கொண்டுவரும் எஸ்-வீடியோ கேபிள். டெக்கில் படத்தைக் கூர்மையாக்கும் வசதியை அணைத்தோம். அது உண்மையில் ஓரங்களுக்குக் கோடு போடுகிற வேலை.

அடுத்தது நடுக்கம். டேப் ஓடும் வேகம் நுண்ணிய அளவில் தடுமாறுவதால் ஒவ்வொரு வரியும் கொஞ்சம் முன்னே பின்னே தொடங்கும். பந்தல் கம்பங்களும் கொடிக்கம்பமும் பாம்பு போல நெளிந்தன. டைம் பேஸ் கரெக்டர் என்ற சுற்று இதைச் சரிசெய்யும். டெக்கிலேயே ஒன்று இருந்தது, பூஞ்சை தின்ற இடங்களில் அதற்கு எட்டவில்லை. சிக்னலைப் பழைய பானாசோனிக் டிவிடி ரெக்கார்டர் ஒன்றின் உள்ளே விட்டு வெளியே எடுத்தோம். இந்தத் தொழிலில் பலரும் செய்யும் உபாயம் இது. ரெக்கார்டர் எதையும் பதிவு செய்வதில்லை, வரிகளை நேராக்கி அனுப்புகிறது. கம்பங்கள் நிமிர்ந்தன.

நண்பகல் வெயிலில் மணலும் வானமும் வெள்ளையின் எல்லையைத் தாண்டியிருந்தன. அப்படியே இறக்கினால் மேகமும் அலை நுரையும் வெறும் வெள்ளைத் தாளாகிவிடும். கேப்சருக்கு முன்பே பிரைட்னஸ், கான்ட்ராஸ்ட் இரண்டையும் இறக்கி, ஒளி அளவு காட்டும் வரைபடத்தில் கறுப்பின் எல்லையான 16க்கும் வெள்ளையின் எல்லையான 235க்கும் நடுவே அடங்கும்படி வைத்தோம். கோப்பு ஹஃப்யூவி முறையில், இழப்பில்லாமல். ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 30 ஜிபி பிடிக்கும். இன்றைய ஹார்ட் டிஸ்க் விலையில் அதற்குக் கஞ்சத்தனம் வேண்டாம்.

காப்பி என்று தெரிந்த விதம்

ஒரே காட்சியைப் பல முறை ஓட்டி இறக்கி, கோப்புகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு நடுமதிப்பை எடுத்தால் தற்காலிகக் கீறல்கள் மறைந்துவிடும். இங்கே ஒரு வகை வெள்ளைக் கீற்று மட்டும் மறையவே இல்லை. எத்தனை முறை ஓட்டினாலும் அதே பிரேமில் அதே இடத்தில் நின்றது. அம்மன் புடவையின் சிவப்பும் புடவைக்குள் நிற்காமல் பல வரிகள் கீழே இறங்கி, தூக்கி வருபவர்களின் வெள்ளை வேட்டி மேல் கசிந்திருந்தது. விஎச்எஸ்ஸில் நிறம் இறங்குவது சகஜம், ஆனால் இவ்வளவு இல்லை.

டெக்கைக் கொடுத்த பெரியவர் ஒருநாள் எட்டிப் பார்த்தார். திரையின் அடியில் ஹெட் மாறும்போது விழும் கலங்கல் பட்டையைக் காட்டி, "பாருங்க, ரெண்டு இருக்கு. ஒண்ணு இந்த டேப்போடது, இன்னொண்ணு இதுக்கு முன்னால இருந்ததோடது. இது காப்பி சார். மாஸ்டர் யார்கிட்ட இருக்குன்னு பாருங்க" என்றார். டிவியில் பார்க்கும்போது அந்த அடிப்பட்டை சட்டத்துக்கு வெளியே மறைந்துவிடும், அதனால் யாரும் கவனிப்பதில்லை. மாஸ்டர் டேப்பில் இருந்த கீறல் காப்பி எடுக்கும்போது படத்தின் பகுதியாகவே பதிந்துவிடுகிறது. டெக்கின் கண்ணுக்கு அது கீறலாகத் தெரியாது, ஆகவே சரிசெய்யவும் முயலாது. நிறம் கீழிறங்குவதும் ஒவ்வொரு காப்பிக்கும் கூடிக்கொண்டே போகும்.

அந்தக் காலத்தில் திருவிழா வீடியோவுக்குப் பணம் கொடுப்பது விழாக் கமிட்டி. மாஸ்டர் கமிட்டிக்காரரிடம் போகும், வேண்டியவர்கள் காப்பி வாங்கிக்கொள்வார்கள். இயக்குநர் விசாரித்ததில், அன்றைய கமிட்டிப் பொருளாளரின் மகள் வீட்டு இரும்பு பீரோவில் மாஸ்டர் கிடைத்தது. பூஞ்சை இல்லை. ஆனால் யாரோ அதன் தொடக்கத்தில் ஒரு கிரிக்கெட் ஆட்டத்தைப் பதிவு செய்திருந்தார்கள். கூழ் ஊற்றும் காட்சி முழுக்கப் போயிருந்தது. ஊர்வலமும் கடற்கரையும் பிழைத்திருந்தன.

ஆக, கடற்கரைக்கு மாஸ்டர், கூழ் ஊற்றும் காட்சிக்குக் காப்பி என்று இரண்டையும் வைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. மொட்டை மாடி உழைப்பு வீணாகவில்லை. மாஸ்டரில் தேதி எண் 8 என்று ஐயமில்லாமல் தெரிந்தது.

ஐம்பது பாதிகளும் இருபத்தைந்து பிரேமும்

எடிட்டிங் மென்பொருளில் நேரடியாக இழுத்துப் போட்டால், அது பெரும்பாலும் ஒரு ஃபீல்டை எறிந்துவிடும், இல்லையென்றால் இரண்டையும் குழைத்து அசையும் கைகளில் சீப்புப் பல் போலக் கோடுகளைக் காட்டும். பெரிதாக்கிய பிறகு அந்தப் பற்களை எடுக்கவே முடியாது. ஆகவே டைம்லைனுக்குப் போகும் முன்பே, அவிசிந்த் என்ற மென்பொருளில் க்யூடிஜிஎம்சி என்ற வழிமுறையால் ஒவ்வொரு ஃபீல்டையும் முழுப் படமாக்கினோம். அது பக்கத்து ஃபீல்டுகளில் அசைவைப் பின்தொடர்ந்து, விடுபட்ட வரிகளை நிரப்புகிறது. விநாடிக்கு 50 முழுப் பிரேம்கள் கிடைத்தன. முதலில் ஃபீல்டு வரிசை சரியா என்று பார்க்க வேண்டும். தலைகீழாக இருந்தால் நடப்பவர்கள் இரண்டடி முன்னே ஓரடி பின்னே போவார்கள். அனலாக் கேப்சரில் பெரும்பாலும் மேல் ஃபீல்டு முதல், டிவி (DV) கேசட்டிலிருந்து வருவது கீழ் ஃபீல்டு முதல். டிவி என்றால் இங்கே மினி டிவி கேசட் வகை, தொலைக்காட்சி அல்ல.

படமோ 25 பிரேம். பாதியை எறிய வேண்டிவரும். பெரும்பாலான காட்சிகளில் எறிந்தோம். ஆனால் கேமரா கரையைச் சுற்றித் திரும்பும் அந்தக் காட்சி ஆறேழு விநாடிதான். பார்வையாளர் எதையும் பிடிக்கும் முன்பே போய்விடுகிறது. அதைச் சரியாகப் பாதி வேகத்தில் ஓடவிட்டால் 50 பிரேமும் பயன்படும், இடையில் எதையும் கணினி கற்பனை செய்ய வேண்டியதில்லை. நேரம் இரு மடங்காயிற்று. மணலின் அகலத்தைக் கண்ணால் அளக்க அது போதும். என்னைக் கேட்டால், இந்த வேலை முழுவதிலும் அதிகப் பலன் தந்த முடிவு இதுதான்.

நிறமும் இரைச்சலும்

நிறத்தை மட்டும் தனியே பிரித்து, மாஸ்டரில் கொஞ்சமும் காப்பியில் கூடுதலாகவும் மேலே தூக்கிப் புடவைக்குள் உட்கார வைத்தோம். நிறத்தில் உள்ள கொதிப்பைக் கறாராக அடக்கினோம், ஒளியில் மிக லேசாக மட்டும். ஒளி இரைச்சலை முழுக்கத் துடைத்தால் மணல் பிளாஸ்டிக் விரிப்பாகிவிடுகிறது. இயக்குநருக்கு இன்னும் சுத்தமாக வேண்டியிருந்தது. பெரிய திரையில் இரண்டையும் போட்டுக் காட்டியதும் சரி என்றார்.

எஸ்டி, அதாவது பழைய டிவி அளவுப் படத்தின் நிறக் கணக்கு ரெக் 601, ஹெச்டியின் கணக்கு ரெக் 709. மாற்றாமல் ஏற்றினால் சிவப்பும் பச்சையும் சற்று விலகித் தெரியும். பலரும் இதை டேப்பின் கோளாறு என்று நினைத்துக் கையால் திருத்திக்கொண்டிருப்பார்கள். மாற்றிவிட்டுத்தான் ஏற்றினோம்.

பெரிதாக்குவதும் ஏஐ கேள்வியும்

576 வரியை 1080 ஆக்க வேண்டும். ஏஐயை ஒரேயடியாக ஒதுக்கிவிடவில்லை. விசிடியைக் கொடுத்ததால்தான் அது உளறியது, சுத்தமான மாஸ்டரைக் கொடுத்தால் நன்றாக வரலாம் என்று இயக்குநர் கேட்டது நியாயம். இரண்டு காட்சிகளில் செய்து பார்த்தோம். கயிறு, வலை, பம்பையின் தோல் எல்லாம் அருமையாக வந்தன. ஆனால் தொலைவில் அருகருகே கிடந்த இரண்டு கட்டுமரங்களை ஒன்றாக்கி, முனை கூரான ஒரே படகாக வரைந்துவிட்டது. மங்கலான வடிவத்துக்குத் தனக்குத் தெரிந்த படகைப் பொருத்திப் பார்த்திருக்கிறது. கட்டுமரம் போய் ஃபைபர் படகு வந்த மாற்றத்தையும் பேசுகிற படத்தில் அதை எப்படி வைப்பது?

அதனால் ஒரு வரையறை வைத்துக்கொண்டோம். டேப்பில் உள்ள தகவலைச் சேர்ப்பது, நகர்த்துவது, இரைச்சலைக் குறைப்பது, அளவு மாற்றுவது சரி. டேப்பில் இல்லாத வடிவத்தை உண்டாக்குவது கூடாது. பெரிதாக்க என்என்இடிஐ3 என்ற, ஓரங்களை மட்டும் வழுவழுப்பாக நீட்டும் முறையைப் பயன்படுத்தினோம். சற்று மென்மையாகத்தான் இருக்கும். புதிய படகு எதுவும் முளைக்காது.

தலைப்புக் காட்சியில் வரும் பம்பைக்காரரின் கைகளுக்கு மட்டும் ஏஐ வடிவம் வேண்டும் என்று இயக்குநர் பிடிவாதமாக இருந்தார். அங்கே எதையும் நிரூபிக்கவில்லையே என்பது அவர் வாதம். விட்டுக்கொடுத்தோம். எனக்கு அது இன்னமும் உவப்பாக இல்லை.

தெரு முனையில் ஒரு டீக்கடைப் பலகை வருகிறது. கேமரா அசையாமல் நின்ற இடம் அது. அசையாத காட்சியில் பல பிரேம்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சராசரி எடுத்தால் இரைச்சல் அடங்கி, உண்மையில் இருப்பது துலங்கும். மூன்று எழுத்துகள் படிக்கும்படி வந்தன. மீதி வரவில்லை, அப்படியே விட்டோம்.

சட்டமும் ஒலியும்

பழைய படம் 4:3, புதியது 16:9. திரை நிறைய வெட்டி நிரப்பினால் உயரத்தில் கால்பங்கு போய்விடும். 576 வரியில் 432தான் மிஞ்சும். அந்தக் கடற்கரைக் காட்சியில் மேலே வெட்டினால் கூரைகள் போகும், கீழே வெட்டினால் அலை வந்து முடியும் கோடு போகும். அந்தக் கோடுதானே படமே. 1440க்கு 1080 ஆக நடுவில் வைத்து, இருபுறமும் கறுப்பு விட்டோம். செய்தி சேனல்கள் போல ஓரங்களில் அதே படத்தை மங்கலாக நீட்டுவது வேண்டாம் என்பதில் இயக்குநரும் நாங்களும் ஒரே கட்சி. அடியில் உள்ள கலங்கல் பட்டையை மறைக்கும் அளவு மட்டும் படத்தை லேசாக ஏற்றினோம்.

ஒலி பற்றிச் சொல்ல அதிகமில்லை. விஎச்எஸ்ஸின் சாதாரண ஒலித்தடம் விநாடிக்கு 2.34 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடுகிறது, பாட்டு கேசட்டின் வேகத்தில் பாதி. பம்பையும் குழாய் ஒலிபெருக்கியும் ஏற்கெனவே பிளிறிக்கொண்டிருந்தன. சீறலை லேசாகக் குறைத்ததோடு சரி.

நடந்தது

படத்தைக் குப்பத்திலேயே, கோயில் பக்கத்துத் திடலில் புரொஜெக்டர் வைத்துப் போட்டார்கள். பாதி வேகக் காட்சி வந்தபோது கூட்டம் வீடுகளைப் பெயர் சொல்லி அடையாளம் காட்ட ஆரம்பித்துவிட்டது. டீக்கடையின் பெயரை நாலைந்து பேர் ஒரே குரலில் சொன்னார்கள். இயக்குநர் அதைக் குறித்துக்கொண்டு, பலகையைத் திருத்தாமல் வர்ணனைக் குரலில் சேர்த்தார். இரண்டு கட்டுமரங்களும் யாருடையவை என்று சொல்லவும் ஆள் இருந்தார்கள். ஆயா தம் கணவரைப் பார்த்து, "ஆங், இப்ப சரி" என்றார். முகம் முன்னைவிட மங்கல்தான்.

நகரில் நடந்த இன்னொரு திரையிடலில், முன்னோட்டத்தில் ஜூன் என்றும் படத்தில் ஆகஸ்ட் என்றும் இருக்கிறதே, எது உண்மை என்று ஒருவர் கேட்டார். இயக்குநர் மடிக்கணினியில் மாஸ்டரின் கச்சாக் கோப்பைத் திறந்து காட்டினார், கேட்டவர் ஏற்றுக்கொண்டார். பழைய முன்னோட்டத்தைப் பக்கத்திலிருந்து நீக்கியாகிவிட்டது. வாட்ஸ்அப்பில் போனதை நீக்க வழியில்லை, இன்றும் அந்த 6 சுற்றிக்கொண்டிருக்கிறது.

அடுத்த முறை மாற்றுவது

டேப்பைத் தொடும் முன்பே, இதன் வேறு பிரதிகள் யார் யாரிடம் என்ற பட்டியல் கேட்போம். திருவிழா என்றால் கமிட்டி, கல்யாணம் என்றால் மாப்பிள்ளை வீடு, பெண் வீடு இரண்டும். இப்போது அதை வேலை ஏற்கும் படிவத்திலேயே சேர்த்துவிட்டோம்.

படப்பிடிப்பு தொடங்கும் முன்பே இயக்குநர்கள் வந்தால், டைம்லைனையே விநாடிக்கு 50 பிரேமாக வைக்கச் சொல்வோம். பழைய காட்சி அதிகம் உள்ள படத்துக்கு அதுவே பொருத்தம்.

பூஞ்சை தின்ற டேப்புகளுக்கு, டெக்கின் ஹெட்டிலிருந்து வரும் கச்சா சிக்னலையே பதிவு செய்து, மற்ற எல்லாவற்றையும் மென்பொருளில் பிரித்தெடுக்கும் விஎச்எஸ்-டிகோட் முறையைப் பழகிக்கொண்டிருக்கிறோம். கூழ் ஊற்றும் காட்சியை அதில் மறுபடி இறக்கிப் பார்க்க இயக்குநர் சம்மதித்துள்ளார். கச்சாக் கோப்பு, 50 பிரேம் கோப்பு, என்ன செய்தோம் என்ற குறிப்பு மூன்றும் இரண்டு தனித்தனி டிஸ்க்கில் உள்ளன. ஒன்று எங்களிடம், மற்றது கமிட்டியிடம்.

அந்த பீரோவில் வேறு ஆண்டுகளின் திருவிழா கேசட்டுகளும் இருக்கின்றன. வடகிழக்குப் பருவமழைக்கு முன் அவற்றை இறக்கிவிடலாம் என்று பேசியிருக்கிறோம். டெக்கில் டேப்பை அழுத்தி நகர்த்தும் பிஞ்ச் ரோலர் வழுக்க ஆரம்பித்திருக்கிறது. மாற்று ரோலருக்கு மூர் மார்க்கெட் பக்கம் ஒரு மெக்கானிக்கிடம் சொல்லி வைத்திருக்கிறோம், அது வந்த பிறகுதான் தொடங்க வேண்டும்.